தில்லி–காத்மாண்டு விமானத்தில் இமயமலை தெரியும் சீட்டைப் பிடிப்பது எப்படி?

ஜன்னல் சீட் கிடைத்தும் வழிநெடுக கங்கைச் சமவெளியை மட்டுமே பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்நேரம் எதிர்ப்பக்க ஜன்னலில் இமயத்தின் தவுலகிரி சிகரம் கடந்துபோயிருக்கும். சீட் எடுக்கும்போது பத்து நிமிடம் செலவழித்தால் போதும், இது நேராது.

முதலில் திசை. போனில் மேப்பைத் திறந்து, போக வேண்டிய ஊர் மேலே வரும்வரை படத்தைத் திருப்புங்கள். இப்போது மலை எந்தக் கைப்பக்கம் இருக்கிறதோ, அதுதான் உங்கள் பக்கம். காத்மாண்டு தில்லிக்குக் கிழக்கே, சற்றுத் தெற்கே சாய்ந்திருக்கிறது. இமயம் வழிக்கு வடக்கே. ஆகவே போகும்போது இடப்பக்கம், அதாவது ‘ஏ’ சீட். திரும்பும்போது வலப்பக்கம், மூன்று-மூன்று சீட் உள்ள விமானத்தில் அது ‘எஃப்’. இரண்டு பயணத்துக்கும் ஒரே எழுத்தைப் பதிவு செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. விமானம் நேர்கோட்டில்தான் போகும் என்றில்லை; அதே விமானம் முந்தைய நாட்களில் போன வழியை, விமானப் பாதைகளைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரிசை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 இரண்டிலும் ஏறத்தாழ 10 முதல் 20 வரையிலான வரிசைகளுக்கு வெளியே இறக்கைதான் இருக்கும். அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் இரண்டு குறை: மலை முதலில் முன்பக்கமாகத்தான் தெரியும் என்பதால் அதை இறக்கை மறைக்கும்; எஞ்சினின் சூடான புகைக்காற்று படத்தைக் கலங்கடிக்கும். எனவே இறக்கைக்கு முன்னால் உள்ள சீட்டே நல்லது. அதற்குக் கூடுதல் கட்டணம் கட்ட மனமில்லையென்றால் கடைசி ஐந்தாறு வரிசைகள். கண்ணால் பார்க்க அது போதும். 737-800-இல் 10 அல்லது 11-ஆம் வரிசையையொட்டி, நமக்கு வேண்டிய இடப்பக்கத்திலேயே, ஜன்னல் இல்லாத சீட் ஒன்று உண்டு. ஏசி காற்றுக்குழாய் அந்தச் சுவருக்குள் போகிறது. ஏரோலோபா தளத்தின் வரைபடத்தில் ஜன்னல் இருக்கும் இடங்களைச் சரிபார்க்கலாம்.

வெயில் பெரும்பாலும் தெற்கிலிருந்து அடிப்பதால் வடக்கு ஜன்னலில் கண் கூசாது. ஆனாலும் காலை விமானமே மேல். நேரம் ஏற ஏற மலைமேல் மேகம் திரளும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரலில் புழுதிமூட்டம், ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம்.

பாதி வழி தாண்டியதும் ஜன்னலை விட்டு நகராதீர்கள். தவுலகிரி (8,167 மீ.), அன்னபூர்ணா (8,091 மீ.), மீன்வால் போலப் பிளந்த மச்சபுச்ரே, மனாஸ்லு (8,163 மீ.) என்று வரிசையாக வரும். எவரெஸ்ட் காத்மாண்டுக்கும் கிழக்கே இருப்பதால் இந்த வழியில் அதை நம்பிப் போக வேண்டாம். அதற்குக் காத்மாண்டுவிலிருந்து பூட்டானின் பாரோவுக்குப் போகும் விமானத்தின் இடப்பக்கம்தான் சரி.

படம் எடுக்க ஃப்ளாஷை அணைத்து, லென்ஸை ஜன்னலுக்கு மிக அருகில் வையுங்கள். கண்கூச்சத்தைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஜன்னலின் பிளாஸ்டிக்கில் அது வானவில் பட்டைகளைக் காட்டும்.

காத்மாண்டுவில் நெரிசல் இருந்தால் இறங்குமுன் விமானத்தை வானிலேயே வட்டமடிக்க வைப்பார்கள். அப்போது ‘எஃப்’ சீட்டுக்காரருக்கும் மலை தெரியும்.