மார்கழி பஜனைல முன்பாட்டு பாடப் போறீங்களா? முதல்ல கட்டையைப் பாருங்க

ரெண்டு மார்கழிக்கு முன்னாடி வரைக்கும் நான் பின்பாட்டு கோஷ்டி. வழக்கமா முன்னாடி நின்னு பாடுற மாமாவுக்கு திடீர்னு தொண்டை கட்டிக்கிச்சு, நீதான் பாட்டு கிளாஸ் போனியேப்பான்னு ஆர்மோனியத்தை என் பக்கம் தள்ளிட்டாங்க. மூணாவது நாமாவளில (சாமி பேரையே திருப்பித் திருப்பிப் பாடுற குட்டிப் பாட்டு) பின்னாடி சத்தமே காணோம், திரும்பிப் பார்த்தா எல்லாரும் கை மட்டும் தட்டிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கிறாங்க. என்ன தப்பு பண்ணேன்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு, உங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல சொல்லிடறேன். தப்பு கட்டைல, அதாவது பாட்டோட 'ஸ'-வை எந்த உயரத்துல வைக்கிறோம்ங்கறதுல.

(ஆர்மோனியத்துல ஸரிகமபதநி எங்க இருக்கு, ஆதி தாளம்னா என்ன, இதெல்லாம் இங்க கிடையாது. நாலு நாமாவளி சுமாரா பாட வந்தா போதும்.)

1. பாட்டு எடுக்கிறது

தினப்படி பாட்டுக்கு யோசிக்கவே வேணாம். பெருமாள் கோயில்னா திருப்பாவை 30 பாசுரம், நாளைக்கு ஒண்ணு. சிவன் கோயில்னா திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, அதுவும் 30 ஆயிடும். நடுவுல போடுற நாமாவளிதான் உங்க வேலை. ஒரு வரிக்கு நாலஞ்சு வார்த்தைக்கு மேல வேணாம், தாளம் ஆதி இல்லேன்னா திஸ்ரம் (மூணு மூணா எண்றது). அஞ்சு, ஏழுன்னு ஒத்தைப்படையா எண்ற சாபு தாளத்துல கூட்டம் கை தட்டவே முடியாம முழிக்கும், நான் பட்டாச்சு.

2. கட்டை வைக்கிறது (நான் கவுந்த இடம்)

எனக்கு ரெண்டு கட்டை சௌகரியம், அதனால ரெண்டு கட்டைல வெச்சு, கச்சேரி மாதிரி மேல் மத்யமம் (மேல் ஸ-வையும் தாண்டி வர்ற ம) வரைக்கும் போயிட்டேன். நான் போயிட்டேன், கூட வர்றவங்க எப்படி வருவாங்க? ஆம்பளைங்களுக்கு அந்த உயரம் எட்டல, லேடீஸ் மேல் ஸ்தாயில பாடினா கத்தணும் கீழ் ஸ்தாயில பாடினா சத்தமே வராது, ரெண்டுங்கெட்டான். முன்பாட்டு பாடுறவங்க கட்டை இங்க முக்கியமே இல்ல, கூட்டத்தோட கட்டைதான் முக்கியம்.

இப்ப நான் பண்றது இதுதான். 'ஸ' எங்க வைக்கலாம்னு யோசிக்கிறதில்ல. அந்த நாமாவளில இருக்கிறதுலயே உச்சி ஸ்வரம் எதுன்னு பார்ப்பேன், அது ஆர்மோனியத்துல ஒரு கட்டைக்கும் ரெண்டு கட்டைக்கும் நடுவுல விழணும், அப்படி விழற மாதிரி ஸ வைப்பேன். மேல் ஸ வரைக்கும் மட்டும் போற மெட்டுன்னா ஒரு கட்டை சரியா இருக்கும். மேல் மத்யமம் வரைக்கும் போற மெட்டுன்னா ஒரு கட்டைக்கும் கீழ இருக்கிற அஞ்சு கட்டைக்கு இறக்கிடணும், அப்பதான் அந்த மத்யமம் ஒரு கட்டை ஸ-வுல வந்து உக்காரும். உங்களுக்கு ஆரம்ப வரி அடித்தொண்டைல உறுமுற மாதிரி இருக்கும், பரவால்ல, மைக் இருக்கு.

சந்தேகமா இருந்தா முந்தின நாளே ஒரு மாமாவையும் ஒரு மாமியையும் அந்த உச்சி வரியை மட்டும் பாடச் சொல்லிப் பாருங்க. முகம் சுளிச்சா அரை கட்டை இறக்குங்க. இன்னொண்ணு, இந்த டெஸ்டை சாயங்காலம் பண்ணீங்கன்னா காலைல அஞ்சு மணிக்கு பனில யாருக்கும் அந்தக் குரல் இருக்காது, அதுக்கு இன்னொரு அரை கட்டை.

3. சுருதி, ஆர்மோனியம்

சுருதிக்கு போன்ல இருக்கிற தம்பூரா ஆப் ஒண்ணே போதும், ஒரு சின்ன ஸ்பீக்கரோட. ஆனா ஏரோப்ளேன் மோட் போட்டுடுங்க. நாங்க கோவிந்தா கோவிந்தான்னு உருகிக்கிட்டு இருக்கும்போது ஸ்பீக்கர்ல என் ரிங்டோன் அலறுச்சு. ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் (விரல் வைக்கிற இடம் மாறாம கட்டையை மட்டும் மாத்திக்கிறது) வாங்கணுமான்னு கேட்டா, என்னைப் பொறுத்தவரை வேணாம். கனம் ஜாஸ்தி, வீதி பஜனைக்கு கழுத்துல மாட்டிக்கிட்டு நாலு தெரு நடந்து பாருங்க தெரியும்.

4. ஜால்ரா யார் கைல

எல்லாரும் குழந்தைங்க கைல குடுத்துடுவாங்க. ப்ளீஸ் வேணாம். ஜால்ரா ஓடினா மிருதங்கம் ஓடும், மிருதங்கம் ஓடினா நீங்க ஓடணும். கூட்டத்துலயே நிதானமான ஆள் யாரோ அவர்கிட்ட குடுங்க, பாட வரலேன்னாலும் சரி. குழந்தைங்களுக்கு கை தட்டல் போதும்.

5. பாடுறது

வரியை ரெண்டு தடவை நீங்க மட்டும் பாடிக் காட்டுங்க, மூணாவது தடவைதான் கூட்டத்துக்கு விடணும். அவங்க வரியை முடிக்கிறதுக்குள்ள அடுத்ததை எடுத்துடாதீங்க, அந்த ஆர்வக்கோளாறு எனக்கு இன்னமும் போகல. நல்லா ஓட ஆரம்பிச்ச அப்புறம் மட்டும் துரிதம் (வேகமா பாடுறது), அதுவும் ரெண்டு நிமிஷம். அப்புறம் சட்டுனு நிறுத்தி "நம: பார்வதீ பதயே"ன்னு குரல் குடுத்தா "ஹர ஹர மகாதேவா"ன்னு வர்ற சத்தத்துலயே தெரிஞ்சுடும் கட்டை சரியா வெச்சீங்களா இல்லையான்னு.

முழு சம்பிரதாய பஜனை, அதாவது தோடய மங்களத்துல ஆரம்பிச்சு அஷ்டபதி, விளக்கைச் சுத்தி திவ்யநாமம்னு வரிசையா போற பத்ததி (பாடுற முறை), அது தனி படிப்பு. அந்த முறையை வகுத்த மருதாநல்லூர் சுவாமிகள் வழில வந்த பாகவதர் யார்கிட்டயாவது நேரா உக்காந்து கத்துக்கங்க.

அப்டேட் 1: ஒரு மிருதங்கக்காரர் கமென்ட்ல திட்டியிருந்தார், பாட்டுக்குப் பாட்டு கட்டையை மாத்தினா நான் என்ன பண்றதுன்னு. நியாயம்தான், மிருதங்கத்தை ஒரே கட்டைக்கு சுருதி சேர்த்து வெச்சிருப்பாங்க, எங்க கோஷ்டில டோலக்குங்கறதால எனக்குத் தோணவே இல்ல. மிருதங்கம் இருந்தா அன்னிக்கு பாடுற எல்லாத்தையும் ஒரே கட்டைக்கு ஒத்து வர்ற மாதிரி பொறுக்கிக்கங்க, மேல போற பாட்டை விட்டுடுங்க. ரொம்ப கீழயே சுத்துற மெட்டுன்னா மத்யம ஸ்ருதில, அதாவது ம-வையே ஸ-வா வெச்சுப் பாடிக்கலாம், மிருதங்கத்தைத் தொட வேணாம்.

அப்டேட் 2: ஹிந்தோளத்துல நாமாவளி பாடினா என்னமோ உறுத்துதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அந்த ராகத்துல பஞ்சமமே கிடையாது, ஆனா தம்பூரா ஆப் ப-வைத்தான் மீட்டிக்கிட்டு இருக்கும். செட்டிங்ஸ்ல ப-வை ம-வுக்கு மாத்துங்க, பாட்டு முடிஞ்சதும் ஞாபகமா திரும்ப மாத்திடுங்க.