ஒரே இடத்தில் நான்கு பஞ்சர்

சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, கோரிமேடு தாண்டி வேலை. காலையில் லேசான ஏற்றம். எதிரே சேர்வராயன் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும். மாலையில் பாதித் தூரம் மிதிக்காமலே வீடு வந்துவிடலாம். இந்தச் சுகத்துக்காகவே சைக்கிளை விடவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன், ஒரே வாரத்தில் மூன்று முறை பின்சக்கரம் பஞ்சர். "டியூப் பழையது தம்பி, மாற்றிவிடுங்கள்" என்றார் ஒட்டுப்போட்ட கடைக்காரர். மனம் ஒப்பவில்லை (காசும் ஒரு காரணம்).

நான்காவது முறை நானே பிரித்தேன். டயரின் ஒரு விளிம்பை மட்டும் நெம்பி டியூபை எடுத்தேன். காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால், பழைய ஒட்டுகளுக்கு அரை அங்குலம் தள்ளிக் குமிழி! நான்கு ஓட்டைகளும் வால்விலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில், டயரைத் தொடும் பக்கத்தில் இருந்தன. ரிம் பக்கம் என்றால் ஸ்போக் முனையைச் சந்தேகித்திருப்பேன். இதுவோ டயருக்குள்ளேயே குடியிருக்கும் திருடன்.

வால்விலிருந்து அதே ஒரு சாணை டயரில் அளந்தேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பஞ்சை உட்புறம் மெல்லத் தேய்த்தபோது ஓரிடத்தில் இழை சிக்கியது. அங்கே டயரை வளைத்தால், தலைமுடி போல ஒரு கம்பித் துணுக்கு எட்டிப் பார்த்தது. லாரி டயர் வெடித்தால் சாலையில் சிதறும் எஃகு இழை அது. நம் எடை ஏறி டயர் நசுங்கும்போது மட்டுமே குத்தும். மூக்குக் குறட்டால் பிடுங்கினேன்; எறியாமல் தாளில் மடித்து வைத்தேன்.

இன்றும் அதே டியூப்தான். கம்பியைக் கடைக்காரரிடம் காட்டினேன். அன்று காற்றுக்குக் காசு வாங்கவில்லை.