நாய்க்கு உண்ணி, தெள்ளு: செலவு குறைவாக, ஆபத்தில்லாமல் ஒழிக்கும் முறை

ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் உப்பிய பெண் உண்ணி நாயின் மேல் தங்குவதில்லை. கீழே விழுந்து, சுவரைப் பிடித்து மேலே ஏறும். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு, கடிகாரத்தின் பின்புறம், கூண்டுக் கூரையின் மூலை என்று ஏதாவது ஓர் இருட்டில் ஒளிந்து, ஆயிரத்துக்கும் மேல், சில சமயம் நாலாயிரம் வரை முட்டையிட்டுவிட்டுச் சாகும். நம் ஊர் நாய்களிடம் அதிகம் காணப்படும் பழுப்பு நாய் உண்ணியின் வழக்கம் இது. பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் மூன்று முறை நாய் மேல் ஏறி இறங்கும். நம் வெப்பத்தில் ஒரு சுற்று முடிய இரண்டு மூன்று மாதம் போதும். தெள்ளுப்பூச்சியும் இதே கதைதான். நாயின் மேல் துள்ளுபவை மொத்தத்தில் சுமார் 5 சதவீதம். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் மணலிலும் கிடக்கும்.

ஆகவே நாய்க்கு மட்டும் மாற்றி மாற்றி மருந்து வாங்கினால் காசு கரையும், உண்ணி குறையாது. ஒரே மருந்தை எடைக்கேற்ற அளவில், தேதி தவறாமல் கொடுங்கள். அதே நாட்களில் வீட்டையும் கவனியுங்கள். இரண்டையும் மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் சுற்று அறும்.

முதலில் நாயைத் தடவிப் பாருங்கள். காது மடலின் உட்புறம், கால் விரல்களுக்கு நடுவே, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, வாலடி ஆகிய இடங்களில்தான் உண்ணி அதிகம் ஒட்டும். தெள்ளு இருக்கிறதா என்று தெரிய, பேன் சீப்பால் முதுகு வால்பக்கமாக வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தேயுங்கள். செம்பழுப்பாகக் கறை படிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது நாயின் ரத்தம். சீப்பில் சிக்கியதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

உண்ணியை எடுக்க முனை மெலிந்த இடுக்கி வேண்டும். தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நிதானமாக நேராக இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்கினால் உள்ளே இருப்பது நாயின் புண்ணுக்குள்ளும் உங்கள் விரலிலும் போகும். மண்ணெண்ணெய் தடவுவதும் ஊதுபத்தியால் சுடுவதும் வேண்டவே வேண்டாம். எடுத்ததைத் தரையில் போட்டு மிதிக்காமல் சோப்புத் தண்ணீர் உள்ள மூடிய புட்டியில் போடுங்கள்.

இனி மருந்து. வாங்கும் முன் நாயை எடை போடுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். அதிக அளவு ஆபத்து. குறைந்த அளவு வீண்செலவு.

மலிவானது அமிட்ராஸ் 12.5 சதவீதக் கரைசல். கவனம் அதிகம் கேட்பதும் அதுதான். உண்ணிக்கு வழக்கமாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 முதல் 4 மில்லி கலப்பார்கள். கையில் இருக்கும் பாட்டிலின் லேபிளோ மருத்துவரோ சொல்லும் அளவே முடிவு. மூடியால் அளக்காதீர்கள், ஊசி கழற்றிய சிரிஞ்சால் அளங்கள். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், நாயைச் சாதாரண ஷாம்பூவால் குளிப்பாட்டித் துவட்டிய பிறகு, கலவையைப் பஞ்சால் உடம்பெங்கும் தொட்டு வையுங்கள். கண்ணிலும் வாயிலும் படக்கூடாது. கழுவ வேண்டாம், நிழலில் தானாகக் காயட்டும். காயும்வரை நக்கவிடாமல் பக்கத்திலேயே இருங்கள். மிச்சக் கலவையை எடுத்து வைக்காதீர்கள், மீன் உள்ள தண்ணீரில் கொட்டவும் கூடாது. நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டி, சினையாக உள்ள அல்லது பால் கொடுக்கும் நாய், சர்க்கரை நோய் உள்ள நாய், சிவாவா இன நாய், பூனை ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். நாய் தள்ளாடினாலோ, உடம்பு சில்லிட்டுத் தூங்கி வழிந்தாலோ, உடனே சோப்பு போட்டுக் கழுவி மருத்துவரிடம் கொண்டு போங்கள். இதற்கு முறிவு மருந்து உண்டு.

அடுத்தது ஃபிப்ரோனில். 0.25 சதவீத ஸ்ப்ரே என்றால் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லி. 15 கிலோ நாட்டு நாய்க்கு 45 முதல் 90 மில்லி ஆகும். பலர் நாலு தடவை அடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்பது இதனால்தான். முடியை எதிர்த்திசையில் கோதி, தோல் நனையும்வரை அடிக்க வேண்டும். ஸ்ப்ரேயில் ஆல்கஹால் உள்ளதால் பக்கத்தில் விளக்கோ அடுப்போ கூடாது. தோள்பட்டைகளுக்கு நடுவே விடும் சொட்டு மருந்து என்றால் 10 கிலோ வரை 0.67 மில்லி, 10–20 கிலோவுக்கு 1.34 மில்லி, 20–40 கிலோவுக்கு 2.68 மில்லி. முடியைப் பிரித்துத் தோலிலேயே விடுங்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. குட்டி எட்டு வாரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். வீட்டில் முயல் இருந்தால் அதற்கு ஃபிப்ரோனில் விஷம்.

மாத்திரைகளில் அஃபாக்சோலனர், சரோலனர் மாதத்துக்கு ஒன்று. ஃப்ளூரலனர் 12 வாரத்துக்கு ஒன்று, அதை உணவோடு கொடுக்க வேண்டும். ஒரு மாத்திரையின் விலை மலைக்க வைக்கும். அதை நாள் கணக்கில் வகுத்து, சொட்டு மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. உண்ணி மொய்க்கும் வீட்டில் நாங்கள் முதலில் பரிந்துரைப்பது மாத்திரையைத்தான்: மழையோ குளியலோ அதைக் கழுவிவிடாது, குழந்தைகள் நாயைக் கட்டிப்பிடித்தாலும் கையில் மருந்து ஒட்டாது. ஆனால் வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2018இல் எச்சரித்தது. பெரிய நாயின் மாத்திரையை உடைத்துச் சின்ன நாய்களுக்குப் பங்கிடுவதும் கூடாது. துண்டுகளில் மருந்து சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மாத்திரை கொடுத்த பிறகும் சில நாட்கள் உண்ணி கண்ணில் படும். உண்ணி கடித்து ரத்தம் உறிஞ்சினால்தான் மருந்து அதனுள் போகும். அது சாக ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் சுவரிலிருந்து புதியவை ஏறிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துப் பதறி மேலே இன்னொரு மருந்தை ஊற்றும்போதுதான் நாய்க்கு விஷமேறுகிறது. தயவுசெய்து பொறுத்திருங்கள்.

வீட்டு வேலைக்குப் பெரிய செலவு இல்லை. சுவர் வெடிப்புகளைச் சிமெண்டாலோ சுவருக்குப் பூசும் புட்டியாலோ அடையுங்கள், கூண்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். சாக்கும் கயிற்றுப் பாயும் தெள்ளுப் புழுவுக்கு நல்ல வீடு. அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துப் போடுங்கள், வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காய வையுங்கள். கட்டில் அடி, சோபா மடிப்பு, தரையோடு சுவர் சேரும் ஓரம் ஆகியவற்றை வாரம் இரண்டு முறை கூட்டியோ வாக்குவம் செய்தோ குப்பையை உடனே வெளியேற்றுங்கள். இடுக்குகளுக்குச் சைபர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் அடிப்பதானால், லேபிள் அளவில், இடுக்குக்குள் மட்டும். காயும்வரை நாய் வெளியே இருக்கட்டும். பூனை உள்ள வீட்டில் இந்தக் குடும்ப மருந்துகளிடம் கூடுதல் கவனம் தேவை. இதே குடும்பத்தைச் சேர்ந்த பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

கைவைத்தியத்தில், வேப்பெண்ணெய் பூச்சியைக் கொஞ்சம் விலக்கலாம், மொய்க்கும் உண்ணியை ஒழிக்காது. பூண்டும் வெங்காயமும் உணவில் சேர்த்தால் நாயின் சிவப்பணுக்கள் சிதையும். ஏற்கெனவே உண்ணியால் சோகை பிடித்த நாய்க்கு அது இரட்டை அடி. பினாயில், அந்துருண்டை, டீ ட்ரீ எண்ணெய் மூன்றும் விஷம். கேமக்ஸின் பவுடர் என்று நாம் சொல்வதில் இருந்த லிண்டேனுக்கு இந்தியாவில் 2013 முதல் தடை. ஐவர்மெக்டின் ஊசி உண்ணிக்குச் சரியான மருந்தே இல்லை. கோலி (Collie) வகை நாய்களுக்கு அது மூளையைத் தாக்கி உயிரையே எடுக்கலாம்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் பேன் சீப்பும் இடுக்கியும்தான் முதல் ஆயுதம். தாய்க்கு என்ன மருந்து என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் எத்தனை நாய் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்; ஒன்றை விட்டால் அதுவே விதைநெல்.

நாய் சாப்பாட்டை வெறுத்துச் சுருண்டு படுத்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கடையில் டாக்சிசைக்ளின் வாங்கிக் கொடுத்துப் பார்க்காதீர்கள். உண்ணி பரப்பும் கிருமிகளில் அது எர்லிக்கியாவுக்குக் கேட்கும், பபேசியாவைத் தனியாகத் தீர்க்காது. காசு கையைக் கடித்தால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். காலையிலேயே போய்விடுங்கள். கடைசியாகப் போட்ட மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.