ஒன்ராறியோ இலையுதிர்காலம்: அப்பிள், மேப்பிள், பூசணி, அந்த வரிசையில்

தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதியிலேயே அப்பிளும் பிடுங்கி, மேப்பிள் மரமும் பார்த்து, பூசணிக்காயும் வாங்கி, கேக்கும் சுட்டு முடிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. ஒக்ரோபர் இரண்டாம் திங்களை ஒட்டிய அந்த மூன்று நாளும் பாதி ரொறன்ரோ நெடுஞ்சாலை 400இல்தான் நிற்கும். போய்ச் சேர்ந்தால் வடக்கே நல்ல சிவப்பெல்லாம் பல வருடங்களில் அதற்குள் கொட்டிப் போயிருக்கும். இந்தக் காலத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. செப்ரெம்பரில் அப்பிள், மாதக் கடைசியில் வடக்குக் காடு, ஒக்ரோபரில் பூசணி, அதன் நடுப்பகுதிக்குப் பிறகு நம்முடைய ஸ்காபரோ பக்கத்து மரங்கள். இந்த வரிசையில் போனால் அலைச்சலும் குறைவு, காசும் மிச்சம்.

நான் ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் வேலை. விடியப்புறமே ஒவனுக்கு முன்னால் நிற்கிறவளுக்கு வீட்டிலும் ஒவன் போடுகிற ஆசை வருவது இந்த இரண்டு மாதத்தில்தான்.

முதலில் அப்பிள். கிழக்கே போமன்வில், நியூகாசில் பக்கமும், மேற்கே மில்டன் பக்கமும் நாமே பிடுங்குகிற தோட்டங்கள் நிறைய உண்டு. வார நாளில் போகமுடிந்தால் போங்கள். சனி, ஞாயிறில் வைக்கோல் வண்டிக்கும் டோனட்டுக்கும் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். போகுமுன் அன்றைக்கு எந்த இனம் பழுத்திருக்கிறது என்று தோட்டத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். எல்லா அப்பிளும் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. எல்லாம் ஒவனுக்கு ஏற்றதும் இல்லை.

மக்கின்ரொஷ் செப்ரெம்பர் நடுவிலேயே வந்துவிடும். இது ஒன்ராறியோவின் சொந்தப் பிள்ளை. 1811இல் டண்டெலா என்ற ஊரில் காடு வெட்டும்போது ஜோன் மக்கின்ரொஷ் கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்த இனம். கடித்துச் சாப்பிட அருமை, ஆனால் சூட்டில் கரைந்து கூழாகிவிடும். அதனால் அதை அப்பிள் சோஸுக்கும் சட்னிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கோட்லண்ட் வெட்டி வைத்தாலும் சீக்கிரம் கறுக்காது, சலாட்டுக்கு நல்லது. ஹனிகிறிஸ்ப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும், அதைப் போய் ஏன் சுடுவான்? சுடுவதற்கென்றே பிறந்தது நோதேர்ன் ஸ்பை. புளிப்பும் இனிப்பும் சேர்ந்திருக்கும், வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். ஆனால் அது ஒக்ரோபர் கடைசிப் பக்கம்தான் வரும், அதற்குள் முக்கால்வாசிச் சனம் தோட்டத்தை மறந்துவிடும். அதுவரை மக்கின்ரொஷ் பாதி, கோட்லண்ட் பாதி கலந்து சுடுங்கள். ஒன்று சாறாகும், மற்றது துண்டாக நிற்கும்.

பிடுங்குகிற முறை முக்கியம். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, லேசாகத் திருகுங்கள். பழுத்தது காம்போடு கையில் வந்துவிடும். வராவிட்டால் அதை விட்டுவிடுங்கள். கீழே இழுத்தால் கிளை முறியும், அடுத்த வருடத்து மொட்டும் அதோடு போகும். சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிவப்புக்கு இடையே தெரிகிற அடிநிறம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். வெயில் படுகிற வெளிப்பக்கத்துப் பழங்கள்தான் முதலில் பழுக்கும். பல இடங்களில் 10 இறாத்தல் பை கொடுப்பார்கள், ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்வது மாவை உருட்டி மூடிச் சுடுகிற 'பை' (pie) அல்ல, மேலே ஓட்ஸ் தூவிச் சுடுகிற அப்பிள் கிறிஸ்ப். மா உருட்டுகிற வேலையை நாள் முழுக்கச் செய்கிறவள் வீட்டிலும் அதையே செய்வாளா? 6 நடுத்தர அப்பிளைத் தோல் சீவி, விரல் தடிப்புத் துண்டுகளாக வெட்டி, 2 மேசைக்கரண்டி சீனியும் அரைத் தேசிக்காயின் சாறும் சேர்த்து 8 அங்குலச் சதுரத் தட்டில் பரப்புங்கள். மேலுக்கு 1 கப் ஓட்ஸ், முக்கால் கப் கோதுமை மா, முக்கால் கப் சிவப்புச் சீனி, 1 தேக்கரண்டி கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. அதில் அரைக் கப் பட்டரைப் பிறிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சிறு துண்டுகளாக்கிப் போட்டு விரல்நுனியால் பிசிறுங்கள், புட்டுக்கு மா குழைக்கிற பதம்தான். உருண்டையாகத் திரண்டால் பட்டர் இளகிவிட்டது என்று அர்த்தம், பத்து நிமிடம் பிறிட்ஜில் வைத்து எடுங்கள். 350 பாகை பரனைட்டில் 40 முதல் 45 நிமிடம். மேல் பொன்னிறமானவுடன் எடுத்துவிடாதீர்கள். ஓரங்களில் சாறு தடித்து, மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். அதுவரை உள்ளே இருக்கும் அப்பிள் வேகவில்லை.

யாழ்ப்பாணத்துக் கைப்பக்குவம் ஒன்று: ஏலக்காயும் கொஞ்சம் வேர்க்கொம்புத் தூளும் சேர்த்தால் கறுவா மட்டும் போட்டதைவிட மணக்கும். மஸ்கோக்காவில் பாலா பக்கம் ஒக்ரோபரில் கிரான்பெரி அறுவடை. ஒரு கைப்பிடி கிடைத்தால் அப்பிளோடு போடுங்கள், புளிப்பு நன்றாக எடுத்துக் கொடுக்கும்.

சரி, மரங்களுக்கு வருவோம். பகல் நல்ல வெயில், இரவு உறையாத குளிர், இரண்டும் சேர்ந்து வருகிற கிழமையில்தான் சிவப்பு உச்சத்துக்கு வரும். மஞ்சள் இலைக்குள் முதலிலிருந்தே இருப்பது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படியல்ல, இலையில் மிஞ்சிய சர்க்கரையைக் கொண்டு மரம் அந்த நேரத்தில்தான் புதிதாகச் செய்கிறது. அதனால்தான் ஒரு வருடம்போல மறு வருடம் இருப்பதில்லை. திகதியை நம்பாமல், மாகாணப் பூங்காக்களை நடத்துகிற ஒன்ராறியோ பார்க்ஸ் வெளியிடுகிற நிற அறிக்கையை நம்புங்கள்.

அல்கொன்குயின் பூங்காவில் சுகர் மேப்பிள் உச்சம் வழக்கமாகச் செப்ரெம்பர் கடைசிக் கிழமையிலிருந்து ஒக்ரோபர் முதல் சில நாட்கள் வரை. ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலை 400, பிறகு 11, ஹண்ட்ஸ்வில்லில் இறங்கி 60. ஏறக்குறைய மூன்று மணி நேரம். பூங்காவுக்குள் எங்கும் நிறுத்தாமல் 60இல் ஓட்டிப் போக அனுமதிச்சீட்டு வேண்டாம், இறங்கி நடப்பதென்றால் சீட்டு வேண்டும். அதை 5 நாள் முன்பிருந்தே இணையத்தில் பதியலாம், வார இறுதிச் சீட்டுகள் நேரத்தோடு முடிந்துவிடும். மேற்கு வாசலிலிருந்து 40ஆவது கிலோமீற்றர் அளவில் லுக்அவுட் பாதை. 2 கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றம், சுற்றித் திரும்ப ஒரு மணித்தியாலம் வையுங்கள். முழங்கால் நோகிறவர்களைக் கூட்டிப் போனால் அதை விட்டு ஏரிக்கரை ஓரத்தில் சோற்றுப் பொதியை அவிழ்ப்பதே மேல். உச்சத்தைத் தவறவிட்டவர்கள் ஒக்ரோபர் பின்பாதியில் போங்கள். அப்போது டமறக் மரங்கள் பொன்னிறமாகும். பார்த்தால் பைன் மாதிரி, ஆனால் ஊசியிலையையே உதிர்க்கிற மரம். கூட்டம் இருக்காது.

அவ்வளவு தூரம் ஓட முடியாதவர்களுக்கு ரூஜ் தேசிய நகரப் பூங்கா ஸ்காபரோவிலேயே இருக்கிறது. நுழைவு இலவசம், ரொறன்ரோ பஸ்ஸிலும் போகலாம். வடக்கைவிட இங்கே இரண்டு மூன்று கிழமை பிந்தித்தான் நிறம் வரும். விஸ்டா பாதையில் மேடையில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: இங்கே உண்ணி உண்டு, குளிர் தொடங்கினாலும் அது அடங்காது. லைம் நோயைப் பரப்புவது அதுதான். நீளக் காற்சட்டை, அதன் நுனியைச் சொக்ஸுக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பும் காதுக்குப் பின்னாலும் பாருங்கள். இலை பொறுக்குகிற ஆசையை வீட்டுத் தெருவில் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது.

பூசணிக்கு என் அம்மாவின் தீர்ப்புத்தான் கடைசி. ஹலோவீனுக்கு வாசலில் வைக்கிற பெரியதை ஒருமுறை கறி வைத்துப் பார்த்து, "இது தண்ணியும் நாருமாக் கிடக்கு பிள்ளை, இதை மாட்டுக்குப் போடுறதுதான்" என்றார். அது வெட்டி விளக்கேற்றத்தான் லாயக்கு. சுடுவதற்குச் சின்னப் 'பை' (pie) பூசணி அல்லது பட்டர்நட் என்ற நீளப் பூசணி. கறிக்குக் கபோச்சா. பச்சைத் தோல், உள்ளே மாப்பிடித்த மஞ்சள் சதை, ஊர்ப் பூசணிக்கு மிகக் கிட்ட வருவது அதுதான். தகரத்தில் விற்கிற கூழ் சுகமானதுதான், ஆனால் வீட்டில் வாட்டியதில் இனிப்புக் கூட. இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகம் கீழே இருக்கக் கவிழ்த்து, 400 பாகையில் முக்கால் மணி நேரம் வாட்டி, சதையை வழித்து வடிதுணியில் வையுங்கள். தண்ணீர் வடியாமல் பூசணி லோஃப் கேக் சுட்டால் நடுவில் களியாகக் குந்தும்.

ஒக்ரோபர் கடைசியில் நோதேர்ன் ஸ்பை வந்ததும் இன்னொரு பை நிறைய அப்பிள் வாங்கிவிடுங்கள், கிறிஸ்மஸ் வரை தாங்கும். அடிபட்டது, புழு துளைத்தது எதுவும் உள்ளே போகாமல் பிரித்து, மிச்சத்தைக் கழுவாமல் பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை கிளறிப் பார்த்து அழுகத் தொடங்கியதை எடுத்துவிடுங்கள். அதே தட்டில் கரட், கீரை வேண்டாம். அப்பிள் விடுகிற வாயுவில் கரட் கசக்கும், கீரை பழுக்கும்.