முடிவு வந்த பிறகு வீட்டு வாட்ஸ்அப் குழுவில்

வாக்கு எண்ணிக்கை முடிந்த அன்று மாலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பார்க்கவே பயமாக இருக்கும். வென்ற கட்சிக்காரரான சித்தப்பா பட்டாசுப் படம் அனுப்புவார். தோற்ற கட்சிக்காரரான மாமா கோபித்துக்கொண்டு குழுவிலிருந்து வெளியேறுவார். மறுநாளும் கல்யாணம், காதுகுத்துச் செய்தி அதே குழுவில்தான் வர வேண்டும்.

"நீ யாருக்குப் போட்டாய்?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 94ஆவது பிரிவில், யாருக்கு வாக்களித்தோம் என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டில் நிற்பவருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டு என்றால், பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உங்களுக்கு இல்லாமல் போகுமா? சிரித்துக்கொண்டே, "அது ரகசியம், காபி கொடுங்கள்" என்று சொல்லிவிடலாம். நானும் அதைத்தான் செய்கிறேன்.

"இயந்திரத்தில் மோசடி" என்று யாராவது கொதித்தால் மல்லுக்கட்ட வேண்டாம். முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் அந்தத் தொகுதியின் வாக்காளரே உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம் என்று மட்டும் சொல்லுங்கள். ஆதாரம் இருப்பவர் வக்கீலைத் தேடுவார்; மற்றவர் பேச்சை மாற்றுவார்.

தோற்றவரைக் கேலி செய்யக் கை துறுதுறுத்தால், 1967இல் விருதுநகரில் காமராஜரே தோற்றதையும், 1996இல் பர்கூரில் தோற்ற ஜெயலலிதா 2001இல் மீண்டும் முதல்வரானதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அனுப்ப வைத்திருந்த மீமை அழித்துவிடுங்கள். மாமாவைக் குழுவில் திரும்பச் சேர்க்க, வென்ற சித்தப்பாவே போன் செய்யட்டும்.