செட்டிநாட்டைக் காரில் சுற்றும் நாள்: கேரவன்காரர்கள் செய்யும் தவறுகள்

போன தை மாதம் இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தோம். பின்னால் ஒரு காரும் வந்தது. காரைக்குடிக்கு வெளியே தெரிந்தவர் தோப்பில் கேரவனை நிறுத்திவிட்டு, மறுநாள் காரில் ஊர் சுற்றக் கிளம்பினோம். அன்றைக்குச் செய்யக் கூடாததில் பாதியை நாங்களே செய்தோம். மீதியைப் பிறர் செய்யப் பார்த்தோம்.

பெரிய தவறு, நாளைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுவது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து பிள்ளையார்பட்டி கூப்பிடு தூரம். வடக்கே திருமயம் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போனால் கானாடுகாத்தான், அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் திருமயம். மேப்பில் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும் போலத்தான் இருக்கும். ஆனால் இந்த ஊர்களில் உச்சிப்பொழுது நாளை இரண்டாக வெட்டிவிடும். பிள்ளையார்பட்டி கோயில் மதியம் ஒரு மணிவாக்கில் நடை சாத்தினால் திரும்பத் திறக்க நாலு மணி ஆகும். நாங்கள் கேரவனிலேயே நிதானமாக இட்லி அவித்துச் சாப்பிட்டு, பதினோரு மணிக்குக் கிளம்பி, வழியில் இளநீர் குடித்து, குன்றக்குடி மலைப்படி ஏறி முடித்தபோது கதவு சாத்தியிருந்தது. கீழே பூ விற்ற அம்மா, "நாலு மணிக்கு வாங்க தம்பி, முருகன் எங்கயும் போயிர மாட்டாரு" என்றார். முருகன் போக மாட்டார், எங்கள் நாள்தான் போய்விட்டது.

ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். முதலில் பிள்ளையார்பட்டி. குடைவரைக்குள் வடக்குப் பார்த்து, இரண்டே கையோடு, வலம்சுழித் துதிக்கையோடு உட்கார்ந்திருக்கும் கற்பக விநாயகரைக் கூட்டமில்லாமல் பார்க்க அந்த நேரம்தான் சரி. சங்கடஹர சதுர்த்தி, ஆங்கிலப் புத்தாண்டு என்றால் அதுவும் உத்தரவாதமில்லை. அப்புறம் குன்றக்குடி. பத்து, பத்தரைக்கு ஆத்தங்குடி. உச்சிவெயிலுக்குக் கானாடுகாத்தானின் பழைய செட்டியார் வீடுகளின் நிழல். நாலு மணிக்குத் திருமயம். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை அது, மொத்தமும் பாறை. மதியம் ஏறினால் செருப்பையும் மீறிச் சுடும். கோட்டையைப் பார்த்து இறங்கினால் அதே பாறையின் அடிவாரத்தில் சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரைகளில் இருக்கிறார்கள். மாலை நடையும் திறந்திருக்கும். சித்தன்னவாசலையும் இதே நாளில் திணிக்காதீர்கள். அது புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், அதற்கு இன்னொரு காலை வேண்டும்.

மேப்பிடம் ஏமாறுவது அடுத்தது. 'செட்டிநாடு' என்று போட்டால் கானாடுகாத்தானை ஒட்டிய ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடும். செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபது சொச்சம் ஊர்கள். டைல்ஸ் பார்க்க ஆத்தங்குடி. இளையாத்தங்குடி வேறு, அது நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில் ஒன்பதில் ஒன்று. பெயரைப் பாதி தட்டிவிட்டு, முதலில் வந்ததைத் தொட்டு, தப்பான ஊரில் போய் இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கேரவனையே ஊருக்குள் ஓட்டிப் போகலாமே என்று தோன்றும். வேண்டாம். கானாடுகாத்தான் தெருக்கள் அகலம்தான், ஆனால் தாழ்வான ஒயரும் முக்குத் திருப்பமும் பத்தடி உயர வண்டிக்கு ஆகாது. இன்னொன்று, இங்கே சினிமாப் படப்பிடிப்பு அடிக்கடி நடக்கும். கேரவனைக் கண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிவந்து "யாரு வந்திருக்கா?" என்பார்கள். இறங்குவது நாம்தான் என்று தெரிந்ததும் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

தோப்பில் விட்டுப் போகும்போதும் கவனம் வேண்டும். தென்னைக்கு அடியில் நிழல் என்று நிறுத்தாதீர்கள், காய் விழாவிட்டாலும் மட்டை விழும். தோப்புக்காரர் நல்ல மனசோடு "பம்புசெட்டுல மாட்டிக்கங்க" என்பார். விவசாய இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும்தான், ஃபிரிட்ஜ் ஓட்ட அல்ல. வம்பு அவருக்குத்தான் வரும். வீட்டு இணைப்பிலிருந்து கேளுங்கள், பணம் கொடுங்கள். கேரவன் பக்கத்தில் விரித்த சாய்ப்புத் துணியைச் சுருட்டுங்கள், கூரை ஜன்னலை மூடுங்கள். அப்புறம் மயில். நாங்கள் திரும்பியபோது ஓர் ஆண்மயில் கேரவனின் பக்கக் கண்ணாடியில் தெரிந்த இன்னொரு மயிலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குக் கீழே பெயிண்டில் அலகுத் தடம். கண்ணாடிகளுக்கு ஒரு பழைய துணிப்பை மாட்டியிருந்தால் போதும்.

வீடுகளுக்கு வருவோம். இவை மியூசியம் அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்த பணத்தில், பர்மாத் தேக்கும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டிய குடும்ப வீடுகள். இன்றைக்கு ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள், பாதிப்பேர் வெளியூரில். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்றால்தான் வளவு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டு, நிறையும். அப்படி ஒரு விசேஷ நாளில் நாம் போய் எட்டிப் பார்ப்பது பிறத்தியார் வீட்டுப் பந்தியில் உட்காருவது மாதிரி. ஆத்தங்குடிப் பெரிய வீடு போலச் சிலவற்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவில் நின்று பார்ப்பதோடு சரி. மற்றவற்றில் காவல்காரரிடம் கேளுங்கள், அவர் வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள். விட்டால் செருப்பைத் திண்ணைக்குக் கீழே கழற்றிவிட்டு, முகப்பில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வளவு, இரண்டாங்கட்டு என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் போய், கடைசிக் கதவில் பின்தெருவின் வெயில் ஒரு துண்டாகத் தெரியும். செல்ஃபி அவசரத்தில் பெரும்பாலோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். கானாடுகாத்தானில் ஆள் கணக்குக்குத்தான் சமைப்பார்கள், ஒரு மணிக்குப் போய் எட்டு இலை கேட்டால் கிடைக்காது. டிரைவர் அண்ணனையும் சேர்த்துக் கணக்குச் சொல்லுங்கள், வண்டியிலேயே உட்கார வைக்காதீர்கள். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் எல்லாம் சூட்டோடு அங்கேயே தின்ன வேண்டியவை. ஊருக்குக் கொண்டுபோக மனகோலம், தேன்குழல்.

ஆத்தங்குடியில் பட்டறைக்கு வேலைநாளில், காலையில் போனால் டைல்ஸ் கல் போடுவதைப் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் கரண்டியால் சிமென்ட் வண்ணத்தை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும்போது ஒரு வண்ணம் இன்னொன்றில் கலப்பதில்லை. மேலே காய்ந்த சிமென்ட் மணலைத் தூவி, கலவை போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியிலிருந்து பிரியும்போதே பளபளப்பு வந்துவிடுகிறது. பார்த்தால் வாங்காமல் வர மனசு வராது. என் மனைவி பதினைந்து கல் வாங்கினார். இருபது கிலோவுக்கு மேல் இருந்தது. அதைக் கேரவனின் மேல் அலமாரியில் வைத்தது நான். மறுநாள் மதுரை ரோட்டில் ஒரு வேகத்தடையில் அலமாரிக் கதவு திறந்துகொண்டது. பதினொன்று மிச்சம்.