மறுபடி கிடைக்குமா? எம்பி3-யா ஃபிளாக்கா என்று முடிவு செய்வது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடை வைத்திருந்தேன். அதற்கு முன்னால் அதே கடையில் காசெட் பதிவு. இப்போது கடை இல்லை. ஆனாலும் பழைய பழக்கத்தில் பையன்கள் வழியில் நிறுத்தி, "அண்ணே, எம்பி3 போதுமா, ஃபிளாக்லயே வச்சுக்கணுமா?" என்று கேட்பார்கள். இரண்டுமே பாட்டைச் சேமிக்கும் கோப்பு வகைகள்தான்; எம்பி3 சிறியது, ஃபிளாக் பெரியது. நான் திருப்பி ஒன்றுதான் கேட்பேன்: "அது தொலைஞ்சா மறுபடி கிடைக்குமா?"

சினிமாப் பாட்டு என்றால் எங்கேயும் கிடைக்கும். 256 அல்லது 320 கிலோபிட் (ஒரு நொடிச் சத்தத்துக்குச் செலவாகும் அளவு, எண் கூடினால் தரமும் கூடும்) எம்பி3-யில் வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கேட்கலாம். உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பதிவு என்றால் ஃபிளாக். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

என் பெரியப்பா தெருக்கூத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த கூத்தை 90 நிமிடக் காசெட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். மொத்தம் அறுபது. 2007-ல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சிடி தரத்தில், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில், சுருக்காத வேவ் கோப்பு நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் பிடிக்கும். ஒரு காசெட்டுக்கு சுமார் 950. அறுபதுக்கும் 57 ஜிபி. என்னிடம் இருந்ததோ 80 ஜிபி டிஸ்க், அதிலும் பாதி கடைச் சரக்கு. எல்லாவற்றையும் 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினேன். இரண்டு டிவிடியில் அடங்கிவிட்டது. காசெட்தான் பரணில் இருக்கிறதே என்று வேவ் கோப்புகளை அழித்தேன்.

2011 டிசம்பர் 30 விடிகாலை 'தானே' என்ற புயல். ஓடு பறந்தது, பரண் நனைந்தது, காசெட் நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டது. மிஞ்சியது அந்த 128 மட்டும்தான்.

அதில் பெரியப்பாவின் குரலுக்குக் குறையில்லை, ஆர்மோனியமும் பரவாயில்லை. ஜால்ராதான் போச்சு. 'ணிங்' என்று தெறிக்க வேண்டியது, ஈரத்துணியை உதறுகிற மாதிரி 'ஸ்ஸ்' என்று கரைகிறது. பலமான சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய சத்தம் நம் காதுக்கு எட்டாது. அப்படிப்பட்டதைக் கணக்குப் போட்டுத் தள்ளிவிட்டுத்தான் எம்பி3 இடத்தை மிச்சம் பிடிக்கிறது. 320-ல் அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கும். 128-ல் கையிருப்பு போதாமல் ஜால்ரா, தவில் மாதிரி சட்டென்று தெறிக்கும் சத்தத்தில் மாட்டிக்கொள்ளும். தள்ளியதைத் திரும்ப வரவழைக்க வழியே இல்லை. ஃபிளாக் எதையும் தள்ளுவதில்லை. பாயைச் சுருட்டி வைக்கிற மாதிரிதான். பெரும்பாலும் வேவில் பாதி, சில பதிவுகளுக்கு அதற்குச் சற்று மேல் பிடிக்கும். 2001-லேயே வந்துவிட்ட இலவசச் சரக்கு, எனக்குத்தான் தெரியாமல் போச்சு.

உங்கள் வீட்டில் காசெட் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு ஒயர். மைக் துளையில் குத்தாதீர்கள், சத்தம் உடையும். ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் 44.1, 16 பிட் போதும். 24 பிட்டில் பதிந்தாலும் தப்பில்லை, ஆனால் காசெட்டின் இரைச்சலுக்கு அது அதிகப்படி. பலமான இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். ஃபிளாக்காக ஏற்றுமதி செய்துவிட்டு, காருக்கும் போனுக்கும் அதிலிருந்து எம்பி3 நகல் எடுங்கள். எம்பி3-யிலிருந்து ஃபிளாக் மட்டும் எடுக்காதீர்கள். பழைய சோறை வெள்ளித் தட்டில் போட்ட கதைதான். கோப்பு பெருக்கும், சத்தம் அதேதான்.

அப்படிச் செய்த போலி ஃபிளாக் நிறையச் சுற்றுகிறது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டால் சத்தம் எந்தச் சுருதி வரை மேலே போகிறது என்று படம் வரையும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து வெட்டிய மாதிரி நின்றால் அது 128-லிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய காசெட் பதிவுகளுக்கு இந்தச் சோதனை சரிவராது, அதில் மேல் சுருதியே கம்மி.

சரி, காதில் வித்தியாசம் தெரியுமா? பேரனை விட்டு, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். 128-ஐ ஜால்ராவை வைத்து ஒவ்வொரு தடவையும் பிடித்தேன். 256-ஐயும் ஃபிளாக்கையும் பிரித்துச் சொல்ல முடியாமல் தோற்றேன். சாதாரண புளூடூத் ஹெட்போன் என்றால் ஃபிளாக்கைப் போட்டாலும் போன் அதை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். அதற்காக இடத்தை வீணாக்க வேண்டியதில்லை.

ஃபிளாக்கை இரண்டு இடத்தில் வையுங்கள். முதலில் ஒரு டிஸ்க்கைப் புதுச்சேரியில் அக்கா வீட்டில்தான் கொடுத்து வைத்தேன். 'தானே' புயல் கரையைக் கடந்ததே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. இப்போது அது சேலத்தில் மகள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.